ஜிடிஏ 6 எப்போ அண்ணாச்சி வருது? நெல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணார்பேட்டையில் லேப்டாப்பும் கேம் கன்சோலும் பழுது பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. சார்ஜர் வாங்க வருகிறவர்கூட, காசைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கப் போகும்போது திரும்பி நின்று கேட்பார்: "அண்ணாச்சி, அந்த ஜிடிஏ ஆறு எப்போதான் வருது?" அதிலிருந்து கிளை பிரிந்து இன்னும் பத்துக் கேள்வி வரும். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு விதமாகக் கேட்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மா வேறு விதமாகக் கேட்கிறார்கள். என் வயதுக்காரர்கள் கேட்பதில் பழைய ஞாபகமும் கலந்திருக்கும். எல்லாருக்கும் சொல்கிற பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்று அந்த வீடியோ கேமின் பெயரை நீட்டி முழக்காமல், நாம் பேசுகிறபடி ஜிடிஏ என்றே எழுதுகிறேன்.

சரி, எப்போது வருகிறது?

2026 நவம்பர் 19, வியாழக்கிழமை. அதைத் தயாரிக்கிற ராக்ஸ்டார் கேம்ஸ், 2025 நவம்பர் 6 அன்று அறிவித்த தேதி இது. 2026 தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி வருகிறது. அதிலிருந்து பதினோராம் நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேறு தேதி சொன்னார்களே?

சொன்னார்கள். 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தபோது 2025 என்று மட்டும் போட்டார்கள். 2025 மே 2 அன்று, 2026 மே 26-க்குத் தள்ளினார்கள். அந்தத் தேதியைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். கத்திரி வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாத நாட்கள், கல்லூரியும் லீவு, வீட்டுக்குள் உட்கார்ந்து ஆட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பிறகு அதையும் நவம்பர் 19-க்கு நகர்த்திவிட்டார்கள். கத்திரியில் வர வேண்டியது அடைமழைக் காலத்துக்குப் போய்விட்டது. நமக்கு அதனால் சில சிக்கல்கள் உண்டு, கீழே மழையைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மறுபடியும் தள்ளிப்போகுமா?

சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் இந்த நிறுவனத்தின் பழக்கம் எப்படி என்று பார்க்கலாம். ஜிடிஏ 4, 2007 அக்டோபரில் வர வேண்டியது, 2008 ஏப்ரல் 29-இல் வந்தது. ஜிடிஏ 5, 2013-இன் முன்பாதியில் வர வேண்டியது, அந்த ஆண்டு செப்டம்பர் 17-இல் வந்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, 2017 என்று சொல்லி இரண்டு தடவை தள்ளி, 2018 அக்டோபர் 26-இல் வந்தது. தள்ளிப் போடுவது அவர்களுக்குப் புதிதில்லை. தள்ளிப் போட்டு வந்த இந்த மூன்றையும் மோசம் என்று சொன்ன ஆளை என் கடையில் நான் பார்த்ததில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் கேமான சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதுவும் பலமுறை தள்ளிப்போனதுதான், ஆனாலும் வேகாமலே இலையில் பரிமாறிவிட்டார்கள். பிஎஸ்4 என்கிற பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, அந்த கன்சோலைச் செய்கிற சோனி தன்னுடைய ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. மறுபடி அங்கே விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆகிவிட்டது. அது வெளியான அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று பேர் தங்கள் பிஎஸ்4 கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்க கேமில் இருந்தது. அதனால் நவம்பர் தாண்டினாலும் நான் வருத்தப்படுவேனே தவிர கோபப்பட மாட்டேன்.

ஜிடிஏ 5-க்குப் பிறகு 13 வருடம் என்னதான் செய்தார்கள்?

முதல் காரணம், ஐந்தாம் பாகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியான மூன்றே நாளில் அது 100 கோடி டாலர் வசூல் செய்தது. இன்றைக்கு 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. பிஎஸ்3-இல் வந்தது, பிஎஸ்4-இல் வந்தது, கம்ப்யூட்டரில் வந்தது, 2022-இல் பிஎஸ்5-க்கும் வந்தது. கூடவே, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுகிற ஜிடிஏ ஆன்லைன். மரம் காய்த்துக்கொண்டிருக்கும்போது எவன் அடுத்த கன்றை நட அவசரப்படுவான்?

இரண்டாவது காரணம், நடுவில் ரெட் டெட் 2 செய்தார்கள். அந்த கேம் வந்த நேரத்தில், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டான் ஹவுசர் ஒரு பேட்டியில் வாரம் 100 மணி நேரம் வேலை பார்த்ததாகச் சொல்லப்போய் பெரிய சர்ச்சை ஆனது. கதை எழுதிய சிறு குழுவை மட்டுமே குறித்துச் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். ஆனால் அதற்குள், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்த மற்றவர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சோம்பேறிப் பயலுவ, இன்னும் முடிக்கலியா" என்று கடையில் யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. அந்த நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் போல படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து செய்த கேமை ஆறு மாதம் பிந்தி ஆடுவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கதை என்ன?

ஜேசன் டுவால், லூசியா கமினோஸ் என்று ஒரு ஜோடி. லூசியா சிறையிலிருந்து வெளியே வருகிறாள். ஜேசன் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து போதைப்பொருள் கடத்துகிறவர்களிடம் வேலை பார்க்கிறான். ஒரு கொள்ளை பிசகிப்போய், இருவரும் பெரிய சதியில் மாட்டிக்கொள்கிறார்கள். 3டி-க்கு மாறிய பிறகு வந்த ஜிடிஏ கதைகளில் ஒரு பெண் முதன்மைப் பாத்திரமாக வருவது இதுதான் முதல் தடவை.

இடம் லியோனிடா என்ற கற்பனை மாநிலம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவை வைத்துச் செய்தது. அதற்குள்ளேதான் வைஸ் சிட்டி என்ற நகரம். முதல் ட்ரெய்லரில் சதுப்பு நிலத்தின் மேலே பூநாரைகள் கூட்டமாகப் பறக்கிற காட்சி சில நொடிகள் வரும். கூந்தன்குளத்துக் கரையில் விடியற்காலையில் நின்று பறவை பார்த்தவர்கள் அந்த இடத்தில் நிறுத்தித் திரும்பவும் பார்ப்பார்கள். நான் பார்த்தேன்.

வைஸ் சிட்டி என்றதும் உங்கள் வயதுக்காரர்கள் ஏன் இப்படி உருகுகிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் 2006-இல் பிறந்த ஒரு தம்பி. அவனுக்கு விளக்கமாகவே சொல்கிறேன்.

ஜிடிஏ வைஸ் சிட்டி 2002 அக்டோபரில் பிஎஸ்2-க்கு வந்தது, 2003 மே மாதம் கம்ப்யூட்டருக்கு வந்தது. எங்களிடம் பிஎஸ்2-உம் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். ஐந்து பேர் ஆளுக்கு நாலு ரூபாய் போடுவோம். ஒருவன் ஆடுவான், நாலு பேர் அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்போம். செத்தால் அடுத்தவன் உட்கார வேண்டும். போலீஸ் பிடித்தால் செத்த கணக்கில் சேருமா என்று தினமும் சண்டை.

கேமில் குறுக்குவழிக்கு அடிக்கிற சீட் கோடுகள் எல்லாம் என் இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. 'பான்சர்' என்று அடித்தால் பீரங்கி வண்டி வந்து விழும். 'லீவ் மீ அலோன்' என்று சேர்த்து அடித்தால் போலீஸ் விட்டுவிடும். அந்த நோட்டைத் திருப்பிப் பார்த்த ஆசிரியர், இது எந்தப் பாடம் என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் அந்த பொம்மை ஹெலிகாப்டர் மிஷன். கட்டிக்கொண்டிருக்கிற ஒரு கட்டிடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, நாலு குண்டு வைக்க வேண்டும். கடிகாரம் ஓடும். கட்டிட வேலைக்காரர்கள் சுத்தியலோடு ஓடிவந்து அடிப்பார்கள். கம்ப்யூட்டரில் அதை நம்பர் பேடில் ஓட்ட வேண்டும். அந்தக் கடையின் கீபோர்டில் 5-ஆம் எண் பட்டன் தேய்ந்து வழுவழுவென்று எழுத்தே இல்லாமல் இருந்தது. அழுத்தினால் பாதி நேரம் வேலை செய்யாது. மூன்று வாரம் முட்டினோம். கடைசியில் எங்கள் கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, முதல் குண்டு, இரண்டாவது குண்டு என்று வைத்துக்கொண்டே போனான். "ஏலே, மூணாவதும் வச்சிட்டாம்லே!" என்று யாரோ கத்தியதில், பக்கத்தில் ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். நாலாவதையும் வைத்தான். கடைக்காரர் சத்தம் போடத்தான் வந்தார், திரையைப் பார்த்துவிட்டு அவரும் அங்கேயே நின்றார்.

விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டத்தைப் பதிந்து வைப்பதுதான் சேவ். மொத்தம் எட்டு சேவ் மட்டும்தான் வைக்க முடியும். அது ஊருக்கே பொதுக் கம்ப்யூட்டர். ஒரு வாரம் கழித்துப் போனால் எங்கள் சேவ் மேல் வேறு யாரோ சேவ் செய்திருந்தார்கள். முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்த ஊருக்குத்தான் இப்போது 24 வருடம் கழித்துத் திரும்பப் போகிறோம். உருகாமல் என்ன செய்வது?

பழைய ஜிடிஏ எதுவும் ஆடியதில்லை. புரியுமா?

புரியும். ஒவ்வொன்றும் தனிக்கதை.

என்னிடம் பிஎஸ்4 இருக்கிறது. ஓடுமா?

ஓடாது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றுக்கு என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் ஏற்றி பிஎஸ்4-இல் ஓட வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் மெஷினைக் கையில் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு எப்போது?

நவம்பர் 19-க்கான அறிவிப்பில் கம்ப்யூட்டர் இல்லை. பழைய கணக்கைச் சொல்கிறேன். வைஸ் சிட்டி ஏழு மாதம் கழித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஜிடிஏ 4-உம் ஏறத்தாழ அதே ஏழு மாதம். ஜிடிஏ 5-க்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகி, 2015 ஏப்ரலில் வந்தது. ரெட் டெட் 2-க்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த கேமை நம்பி இப்போதே லட்ச ரூபாய்க்குக் கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டாம் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த கார்டை விற்றால் எனக்குத்தான் லாபம், ஆனாலும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு வருகிற அன்றைக்கு அதே காசுக்கு அதைவிட நல்ல கார்டு கிடைக்கும்.

போனில் ஆடலாமா? ஏபிகே ஃபைல் கிடைக்கிறதே?

இல்லவே இல்லை. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல். ஜிடிஏ 6 என்று பெயர் போட்டு வருகிற ஏபிகே எல்லாமே பொய். பீட்டா டெஸ்டிங் என்று வரும் லிங்க்கும் பொய். இதில் ஒரு துளி சந்தேகமும் வேண்டாம்.

பேட்டையிலிருந்து பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி போனைக் கொண்டுவந்தான். 'ஜிடிஏ 6 மொபைல்' என்று ஒன்றை இறக்கியிருக்கிறான். திறந்தால் வைஸ் சிட்டி சூரியாஸ்தமனப் படம் அழகாக வருகிறது, கீழே 'வெரிஃபை' என்று பட்டன். அழுத்தினால் இன்னும் இரண்டு ஆப் இறக்கச் சொல்கிறது. இறக்கினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது. அவனும் கொடுத்திருக்கிறான். எஸ்எம்எஸ் படிக்க முடிந்தால் ஓடிபி-யையும் படிக்கலாம், ஓடிபி போனால் வங்கிக் கணக்கே போகும். அவன் நல்ல நேரம், கணக்கில் 112 ரூபாய்தான் இருந்திருக்கிறது. போனைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தேன். கல்லூரியில் எடுத்த படங்களும் சேர்ந்து போனதில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசைப்படுகிற பிள்ளையைத்தான் குறிவைக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தம்பி தங்கைகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

டிஸ்க் வாங்கவா, டவுன்லோடு செய்யவா?

உங்கள் வீட்டு இணைய வேகத்தைப் பொறுத்தது. ரெட் டெட் 2 கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்டது. அதைவிடப் பெரிய கேம் அதைவிடக் குறைவாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணக்குக்கு எளிதாக, ஒவ்வொரு 100 ஜிபி-க்கும் எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் இரண்டேகால் மணி நேரம். 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி நேரம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் சிலர் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிறார்கள். தினம் 2 ஜிபி பேக்கில் 100 ஜிபி இறக்க 50 நாள் ஆகும். அப்படிப்பட்டவர்கள் கன்சோலைத் தூக்கிக்கொண்டு ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி இறக்கிக்கொண்டு வாருங்கள். டிஸ்க் வாங்கினாலும் முதல் நாளே அப்டேட் கேட்கும் காலம் இது.

இன்னொன்று, மெஷினில் இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முதலில் வந்த பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 667 ஜிபி அளவுதான். 512 ஜிபி சீரிஸ் எஸ் இன்னும் நெருக்கடி. டிஸ்க் ஓட்டை இல்லாத மாடலை வாங்கிவிட்டு டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

துபாயிலிருந்து மச்சான் பிஎஸ்5 கொண்டுவருகிறார். இங்கே வேலை செய்யுமா?

மேலப்பாளையத்தில் பாதி வீடுகளில் இந்தக் கேள்வி உண்டு. தாராளமாக வேலை செய்யும். பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக் மட்டும் அந்த ஊர் மூன்று பட்டைக் கால் பிளக்காக இருக்கும். அடாப்டர் சொருகி ஆட்ட வேண்டாம், அது தளர்ந்து பொறி பறக்கும். பின்னால் சொருகுகிற இடம் எட்டு வடிவத்தில் இருக்கும். அதற்கு நம் ஊரிலேயே, டேப்ரிக்கார்டருக்குப் போடுகிற அதே வடிவ வயர் கிடைக்கும். நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேம் டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் பிறகு காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் பகுதிகள், ஆன்லைன் பணம் எல்லாம் அந்த டிஸ்க் எந்த வட்டாரத்துடையதோ அந்த வட்டாரக் கணக்கில்தான் சேரும். துபாய் டிஸ்க்கும் இந்தியக் கணக்கும் அங்கே ஒத்துப்போகாமல் போகலாம். வாரன்டியும் அந்த ஊரில்தான். மச்சானிடம் மெஷினை மட்டும் கேளுங்கள், கேமை இங்கே வாங்குங்கள்.

நவம்பர் என்றால் மழை. மின்னல், கரண்ட் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

இதைத்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. ஒரே நாளில் 9 கோடி தடவைக்கு மேல் பார்த்தார்கள். எங்கள் கடையிலும் அன்றைக்கு அதே பேச்சு. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில், தாமிரபரணி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றித் தண்ணீர்.

தண்ணீர் வடிந்த பிறகு சிந்துபூந்துறையிலிருந்து ஒரு பையன் வந்தான். கைலியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பிஎஸ்4-ஐத் தூக்கிக்கொண்டு வந்தான். மேல் மூடியைக் கழற்றினேன். ஃபேனின் ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் ஆற்று வண்டல், பொடிப் பொடியாக மினுங்கிக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் போல இறுகிக் கிடந்தது. ஹீட் சிங்க் இடுக்கில் ஒரு வேப்பிலை. அந்தப் பையன் மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சேவ் இருக்குமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான். ஜிடிஏ 5-ஐ இரண்டு வருடமாக ஆடி, நூறு சதவீதத்துக்குக் கிட்டத்தில் வைத்திருந்தானாம்.

பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் சேவ் தெரியாது. அந்த போர்டுக்கே பூட்டி வைத்ததுபோல எழுதப்பட்டிருக்கும். ஆகவே அந்த போர்டுதான் உயிர்பெற வேண்டும். தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலே இல்லாத அந்த வாரத்தில் குண்டு பல்பு வெளிச்சத்தில் நாலு நாள் காயவைத்தேன். ஐந்தாம் நாள் மாலை பட்டனை அழுத்தினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். டிஸ்க் டிரைவ் போய்விட்டது, ஃபேன் மாற்ற வேண்டியிருந்தது. சேவ் இருந்தது. அவன் சிரிப்பைப் பார்த்த பிறகு கூலி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் சொல்கிறேன். ஆற்றோரத்தில், பள்ளமான தெருவில் வீடு இருந்தால் கன்சோலைத் தரையில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். இடி இடித்தால் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு இணையத்துக்கான லேன் கேபிளை விட்டுவிடுகிறார்கள். மொட்டைமாடி வழியாக வருகிற கேபிளில் மின்னல் இறங்கி, லேன் போர்ட் கருகிய மெஷின்கள் என்னிடம் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் வருகின்றன. இரண்டையும் பிடுங்குங்கள்.

கரண்ட் போனால் மெஷின் உடனே கெட்டுவிடாது. ஆனால் சேவ் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் போனால் ஃபைல் பாழாகலாம். பிஎஸ்5 ஆடும்போது 200 வாட் அளவு இழுக்கும், டிவியும் சேர்ந்தால் 300 வாட். வீட்டு இன்வெர்ட்டரில் அந்த பிளக் பாயின்ட் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிஎஸ்4-இல் சேவை பென் டிரைவில் எடுத்து வைத்ததுபோல பிஎஸ்5 கேமின் சேவைத் தனியாக எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் சேவ் இணையம் வழியாக கிளவுடில் ஏறும். இரண்டு வருட உழைப்பை ஆற்றுக்குக் கொடுக்காமல் இருக்க அந்தச் செலவு தகும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். இதுவரை வந்த பெரிய ஜிடிஏ எல்லாமே ஐரோப்பாவில் 18, அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி விற்கப்பட்டவை. கொலை, கொள்ளை, போதை, கெட்ட வார்த்தை, படுக்கையறைச் சமாச்சாரம் எல்லாம் உண்டு. "நீங்க பள்ளிக்கூடத்துல ஆடலியா அண்ணாச்சி?" என்று பிள்ளைகள் மடக்குவார்கள். ஆடினோம், எங்களைப் பார்த்து வளர்த்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால் தடுக்கவில்லை. உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு கேமில் இருந்த ஆட்கள் கட்டம் கட்டமாகப் பொம்மை மாதிரி இருப்பார்கள், இன்றைக்கு முகத்தில் வியர்வை தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல.

மெஷின் வீட்டில் இருந்தால் பிள்ளைக்குத் தனியாகக் குழந்தைக் கணக்கு தொடங்கி வயது வரம்பு போட்டுவிடலாம். கடைக்குக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் செய்து தருகிறேன், காசு வேண்டாம். பிஎஸ்5-இல் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் இலவசமாகவே வருகிறது. கார் ஓட்ட ஆசைப்பட்டால் ஃபோர்ஸா ஹொரைசன் 5 இருக்கிறது. பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து ஒரு ரேஸ் ஓட்டிப் பாருங்கள்.

முன்பதிவுக்குப் பணம் கட்டலாமா?

நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையிலோ, பில் கொடுக்கிற பெரிய கடையிலோ கட்டுவது உங்கள் விருப்பம். வாட்ஸ்அப்பில் "பாதி விலை, ஜிபே பண்ணுங்க" என்று வருகிறவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். டவுன்லோடு செய்கிற கேம் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை, முந்தினால்தான் கிடைக்கும் என்ற பயமே தேவையில்லை. தவணையில் கன்சோல் வாங்கத் துடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரை லட்சத்தை ஒட்டிய பொருள் அது. வீட்டில் ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடுகிற நிலைமை என்றால், பொங்கலுக்குப் பிறகு செகண்ட் ஹேண்டு வரும்வரை பொறுங்கள். கதை அப்படியேதான் இருக்கும்.

அதுவரை என்ன ஆடலாம்?

ரெட் டெட் 2 ஆடாதவர்கள் அதை ஆடுங்கள். பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5-இலும் ஓடும், பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். முதல் இரண்டு மணி நேரம் பனியில் மெதுவாக நகரும், அதைப் பார்த்து மூடி வைத்துவிடாதீர்கள். வைஸ் சிட்டியின் புதுப்பித்த பதிப்பு 2021 நவம்பரில் வந்தபோது ஓட்டை உடைசலாக இருந்தது. 2024 நவம்பர் அப்டேட்டில் நிறையச் சரிசெய்துவிட்டார்கள். அந்த ஹெலிகாப்டர் மிஷன் அதிலும் இருக்கிறது.

நவம்பரில் செமஸ்டர் தேர்வு. என்ன செய்ய?

தேர்வை எழுது தம்பி. அரியர் வைத்துவிட்டு ஆடினால் வீட்டில் மெஷினையே பீரோவில் பூட்டிவிடுவார்கள்.

அன்றைக்கு நீங்கள் எங்கே ஆடப்போகிறீர்கள்?

வியாழக்கிழமை கடை உண்டு, ராத்திரி இறக்கி மட்டும் வைப்பேன். ஆடுவது சனிக்கிழமை, நவம்பர் 21. எங்கள் வீட்டு மாடியில். பழைய ஐந்து பேரும் வருவதாகப் பேச்சு. ஒருவன் பெங்களூர், ஒருவன் சென்னை, ஒருவன் இங்கேயே தச்சநல்லூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு அன்றைக்கு கழுத்தில் சபரிமலை மாலை இருக்கும், கண்ணால் பார்த்துக்கொள்கிறேன், கையால் தொடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டான். பழைய விதிதான், ஒருவன் ஆட மற்றவர்கள் பின்னால். செத்தால் அடுத்தவன். போலீஸ் பிடித்தால் செத்த கணக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்த நாலு குண்டையும் வைத்தவன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். மே மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்து, தேதி தள்ளிப்போனதும் ரத்து செய்து, நவம்பருக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறான். போன வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தான். இரண்டே வார்த்தைதான்: "வந்துருதேன்லே, இரு." முதல் கன்ட்ரோலர் அவன் கைக்குத்தான்.